தாய்மாமனை வெளியேற்றிய கல்யாணம்

கல்யாண வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவனால் இதுவரை யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. பாயசம் அடிப்பிடித்தாலும் சரி, மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வராவிட்டாலும் சரி, விசாரித்துப் பார்த்தால் பின்னால் ‘அத நான் பாத்துக்கிடுதேன்’ என்று சொன்ன ஒரு ஆள் இருப்பான். என் அக்கா கல்யாணத்தில் அந்த ஆள் நான்.

அப்போது ஒரு பெங்களூர் கம்பெனிக்கு, தச்சநல்லூர் வீட்டு மாடியில் இருந்தபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெவ்வேறு ஊரில் இருப்பவர்கள் ஒரே வீடியோவை ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டே பக்கத்தில் ஓடும் பெட்டியில் பேசிக்கொள்வார்கள். அந்த அரட்டைப் பெட்டியைச் செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். (‘ஊர்ல உள்ளவன எல்லாம் கம்ப்யூட்டர்ல வாயடிக்க வைக்குதான்’ என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தாள். அதைவிடத் தெளிவாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை.) உண்மையில் கம்பெனியில் என் பங்கு அந்தப் பெட்டியின் நிறத்தை மாற்றுவதோடு சரி. வீட்டில் அதை நான் விளக்கிச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு குவைத்திலிருந்து ஆறுமுகம் மாமாவின் போன் வந்தது. மாமா அம்மாவின் ஒரே தம்பி. அக்காவுக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைத்தவர், சடங்குக்குச் சீர் கொண்டுவந்தவர். விசா புதுப்பிக்கக் கம்பெனியில் கொடுத்த அவருடைய பாஸ்போர்ட் திரும்பி வரவில்லை. அது இல்லாமல் விமானம் ஏற முடியாது. தாய்மாமன் இல்லாமல் கல்யாணம்!

அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மாலை எடுத்துக் கொடுக்க, வள்ளியூரிலிருந்து மாமாவின் மூத்த மகன் வருவான் என்று அப்பா சமாதானம் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

“மால அவன் மவன் கையால வாங்கிக்கிடலாம். ஆனா என் தம்பி ஒரு வார்த்த ‘நல்லாயிரு’ன்னு சொன்ன பொறவுதான் தாலி ஏறணும்.”

“அத நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

“போன்ல கூப்பிட்டுப் பேச வச்சாப் போதாதாலே?”

“அதெல்லாம் பழைய மொறம்மா” என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கே ஓங்கி ஒரு அறை விடத் தோன்றுகிறது.

திட்டம் இதுதான். கல்யாணம் நேரலையாக ஓடும். வர முடியாத சொந்தங்கள் அவரவர் ஊரிலிருந்து பார்ப்பார்கள், அரட்டைப் பெட்டியில் வாழ்த்துவார்கள். அந்தப் பெட்டி மண்டபத்திலும் பெரிய திரையில் தெரியும். மாமாவின் வாழ்த்து திரையில் வந்ததும் கெட்டிமேளம். கடையில் கிடைக்கிற அரட்டைப் பெட்டி எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றை எடுத்து, அதில் எல்லாவற்றையும் நம்ம வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றினேன். பெயர் போடும் இடத்தில் உறவுமுறையும் ஊரும் கேட்டேன். அறிவிப்பு வரும்போதும், மாமாவின் வாழ்த்து வரும்போதும் கோயில் மணி அடிக்கும்படி வைத்தேன். நல்ல தமிழில் எச்சரிக்கைகள் எழுதினேன். யாராவது திரும்பத் திரும்ப ஒரே செய்தியைப் போட்டுத் தொல்லை செய்தால் நான் எழுதிய கம்ப்யூட்டர் நிரலே அவரைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்; உள்ளே வர ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தள்ளியவரை உடனே திரும்பச் சேர்க்கும் பட்டனை மட்டும் ‘பொறவு பாத்துக்கிடலாம்’ என்று விட்டுவிட்டேன். நம்ம வீட்டு விசேஷத்தில் அதற்கு எங்கே வேலை வரப்போகிறது?

கூட்டம் தாங்குமா என்றும் சோதித்தேன். கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான போலிச் சொந்தக்காரர்களை உருவாக்கி உள்ளே அனுப்பினேன். ஒவ்வொருவரும் ‘வாழ்த்துக்கள்’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அமைதியாக உட்கார்ந்தார்கள். நிரல் அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எந்தச் சொந்தக்காரன் ஒரு தடவை பேசிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். குவைத்தில் வெள்ளி விடுமுறை என்பதால் மாமாவின் அறையில் இருந்தவர்கள் எல்லாம் காலையிலேயே குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு, ஒரு லேப்டாப் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்களாம். மாமாவுக்குத் தமிழ் டைப் அடிக்க வராது. கூட இருந்த ஒருவரை எழுத வைத்து, ‘என் மருமவ முத்துலெச்சுமியும் மாப்பிள்ளையும் நூறு வருசம் நல்லா இருக்கணும்’ என்ற வரியைத் தயாராக வைத்திருந்தார். நேரம் வந்ததும் எடுத்து ஒட்ட வேண்டியதுதான்.

மேளக்காரரிடம் நான் தனியாகச் சொல்லி வைத்தேன். “அண்ணாச்சி, திரையில ஒரு மணி அடிக்கும். ஆறுமுகம் மாமா பேரு வரும். வந்ததும் வெளுத்து வாங்கிருங்க.”

“மணி, மாமா பேரு. சரி தம்பி” என்றார் அவர். அன்றைக்கு மண்டபத்தில் சொன்ன வேலையைச் சரியாகச் செய்த ஒரே ஆள் அவர்தான்.

மாப்பிள்ளை வீட்டார் களக்காட்டுக்காரர்கள். நேரலை முகவரியைத் தங்கள் பக்கத்து எல்லாக் குரூப்பிலும் போட்டுவிட்டார்கள் போல. முகூர்த்த நேரத்துக்குக் கூட்டம் குபுகுபுவென்று உள்ளே வந்தது. வந்தவர்கள் வாழ்த்தவா செய்தார்கள்? ‘பந்தி போட்டாச்சா?’ என்று ஒருவர் கேட்டார். மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார். ‘இல போட்டதும் சொல்லுங்க, கெளம்பணும்’ என்றார் இன்னொருவர். ‘கேமராவ கொஞ்சம் பைய திருப்புங்க, எங்க மயினி தெரியல’ என்று ஒரு குரல். ‘அது யாரு பச்சச் சேல?’ என்று கேள்வி வந்து, அதற்கு வேறு வேறு பதில்கள் வந்து, பச்சைச் சேலைக்காரரே மண்டபத்துக்குள்ளிருந்து போனில் ‘நாந்தான், என்ன இப்ப?’ என்று போட்டார். என் போலிச் சொந்தக்காரர்கள் எவ்வளவு தங்கமானவர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. செய்திகள் குவிந்து வரிசையில் நின்றுவிட்டன. இப்போது அனுப்பினால் எப்போது திரையில் வரும் என்று சொல்ல முடியாத நிலை.

இந்த வரிசையின் கடைசியில் மாமாவின் வாழ்த்து போய் நின்றது.

ஐயர் தாலியைத் தட்டில் வைத்துச் சுற்றுக்கு அனுப்பி, அது திரும்பியும் வந்துவிட்டது. அம்மா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். குவைத்தில் மாமாவும் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்த்து வரவில்லை. இன்னொரு தடவை ஒட்டினார். வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ‘போடும் போடும், நல்லா அமுக்கிப் போடும்’ என்று உற்சாகப்படுத்த, மாமா விடாமல் ஒட்டிக்கொண்டே இருந்தார். ஒரே செய்தி, திரும்பத் திரும்ப. நிரல் ஆளைப் பிடித்துவிட்டது.

வாழ்த்துக்குத்தான் வரிசை. அறிவிப்புக்கு வரிசை கிடையாது, எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு முதலில் வரும். அதுவும் என் ஏற்பாடுதான். கோயில் மணி கணீரென்று அடித்தது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

‘ஒழுங்கீனமான நடத்தை காரணமாக தாய்மாமன் ஆறுமுகம், குவைத், அரங்கிலிருந்து வெளியேற்றப்படுகிறார். அமைதி காக்கவும்.’

மணி அடித்துவிட்டது. மாமா பேரும் வந்துவிட்டது. மேளக்காரர் வெளுத்து வாங்கினார்.

மாப்பிள்ளை தாலியை எடுத்துக் குனிந்துவிட்டார். அம்மா போட்ட சத்தம் கெட்டிமேளத்தையும் தாண்டிக் கேட்டது. “நிறுத்துங்கய்யா மேளத்த! என் தம்பிய வெளிய தள்ளிட்டுத் தாலி கட்டணுமாக்கும்?”

மேளம் நின்றது. தாலி அந்தரத்தில் நின்றது. நடுவில் கெட்டிமேளத்தை நிறுத்திய கல்யாணத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்து, திரையை ஒரு தடவை வாசித்துவிட்டு, எங்கள் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். “குவைத்துல உங்க மச்சினர்மேல ஏதும் கேஸு இருக்கா வே? பொண்ணு பாக்க வரும்போது சொல்லலியே?” பின்வரிசையில் அதற்குள் மாமாவை அந்த நாட்டு அரசாங்கமே பிடித்து வெளியேற்றிவிட்டதாகப் பேச்சு பரவிவிட்டது.

நான் லேப்டாப்பில் விழுந்து புரண்டுகொண்டிருந்தேன். மாமாவைத் திரும்பச் சேர்க்கப் பட்டன் இல்லை. வேறு வழியாகப் போய்ப் பார்க்கலாம் என்று படபடவென்று எதையோ தட்டினேன். அதையே திரும்பத் திரும்பத் தட்டியதில் நிரல் என்னையும் தொல்லைக்காரன் என்று முடிவு செய்தது. மறுபடி மணி அடித்தது. ‘மணமகளின் தம்பி, தச்சநல்லூர், வெளியேற்றப்படுகிறார்.’ மேளக்காரர் குச்சியைத் தூக்கியவர், நல்லவேளையாகப் பெயரைப் படித்துவிட்டுக் கீழே வைத்தார்.

“இன்னும் எத்தன பேர வெளியேத்துவானாம்?” என்று யாரோ கேட்டார்கள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் நெருங்கிவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அக்காதான் தலையை நிமிர்த்தினாள். “ஏலே கோட்டிக்காரா, மாமாவுக்கு ஒரு போனப் போடுலே!”

போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். போனை ஐயரின் மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன். மண்டபம் முழுக்க மாமாவின் குரல் உடைந்துபோய் ஒலித்தது.

“ஏலே, நான் என்னலே ஒழுங்கீனம் பண்ணுனேன்? சட்டைய எல்லாம் தேச்சுப் போட்டுட்டு ஒழுங்காத்தானலே உக்காந்துருக்கேன்!”

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அப்பா. பிறகு மண்டபமே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மைக்கைப் பிடித்து, “தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். பிள்ளைக்கு ஆசீர்வாதம் பண்ணுய்யா” என்றாள்.

எழுதி வைத்திருந்த வரி மாமாவுக்கு நினைவு வரவில்லை போல. “நல்லாயிரு தாயி” என்றார். அவ்வளவுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “கட்டுங்க மாப்ளே, நேரமாவுதுல்லா” என்றார். மேளக்காரர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையாட்டியதும் அடித்தார்.

எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து பாயசத்துக்கு வந்தபோது காலி மண்டபத்துத் திரையில் வரிசை கலைந்து மாமாவின் வாழ்த்து வந்தது. ஆளை வெளியேற்றிய நிரல் அவர் அனுப்பியதை வெளியேற்றவில்லை. என் மருமவ முத்துலெச்சுமியும், என் மருமவ முத்துலெச்சுமியும், என்று அது வந்துகொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் கொஞ்சம் சத்தமாகப் பேசினாலும் ‘அமைதி காக்கவும்’ என்பார்கள். மாமா விடுமுறையில் வரும்போதெல்லாம் வாசலிலேயே பெட்டியோடு நின்று, “உள்ள வரலாமாலே, இல்ல இன்னும் ஒரு மணி நேரம் ஆவணுமா?” என்று கேட்பார். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தால்தான் செருப்பைக் கழற்றுவார்.

சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். அப்போதும் மாமாவுக்கு லீவு கிடைக்காது என்றுதான் தகவல். ‘போன்ல பேசிக்கிடலாம் மாமா’ என்று நானே முந்திக்கொண்டு சொல்லியிருந்தேன். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் பெட்டியோடு வாசலில் நின்றார்.

“லீவு குடுத்துட்டாங்களா மாமா?”

“எங்கன குடுத்தான்? வேலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்” என்றார். “ஒன்ன நம்பி இன்னொரு கல்யாணத்துக்குத் திரையில நிக்க முடியுமாலே?” எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். போய்க் கையைப் பிடித்தேன்.

மறுநாள் மணையில் நான் தாலியைக் கையில் எடுத்தேன். மேளக்காரர் குச்சியை ஓங்கினார், அதே அண்ணாச்சிதான். மாமா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். ஐயரின் மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மணமகன், தச்சநல்லூர், தாலி கட்ட அனுமதிக்கப்படுகிறார்” என்றார். “அமைதி காக்கவும்.”