தண்ணீர் ஏற்பாட்டுக்காரர்

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் என்று ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் இன்னொரு சின்னக் கூட்டம். இவர்களுக்கு மலை முக்கியமில்லை, சைக்கிளும் முக்கியமில்லை. போகிற வழியில் குடிக்க வேண்டிய தண்ணீரை எதில் எடுத்துக்கொண்டு போவது என்பதற்காகவே பிறவி எடுத்தவர்கள். தண்ணீர் ஏற்பாட்டுக்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். கவனியுங்கள், தண்ணீர் குடிக்கிறவர் என்று சொல்லவில்லை. குடிப்பதை ஆடு மாடுகூடச் செய்யும்.

இவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். கடையில் பாட்டில் அடுக்கியிருக்கிற அலமாரிக்கு முன்னால் நிற்பார். ஒன்றை எடுப்பார், தட்டுவார், மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார், கவிழ்ப்பார், காதோரம் வைத்துக் குலுக்குவார், பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத அம்மாவிடம் "இது கசியுமாங்க?" என்று கேட்பார், அந்த அம்மா நகர்ந்துபோன பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். கடைக்காரர் வந்து "என்ன வேணும்?" என்றால் "சும்மா பார்க்கிறேன்" என்பார். போன வாரமும் அதையேதான் பார்த்தார். வீட்டில் சமையலறை அலமாரிக் கதவைத் திறந்தால் தலையில் பாட்டில் விழும். மலை உச்சியில் ஊரே நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கும்போது இவர் மட்டும் குனிந்து மற்றவர் சைக்கிளில் மாட்டியிருக்கிற பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு கொஞ்சம்தான். ஆனால் சொந்தக்காரர்களில் ஒருவரையும் மறந்ததில்லை. எந்தச் சாமானைப் பார்த்தாலும் அதில் ஒரு உறவுக்காரர் முகம் தெரிந்துவிடும். சைக்கிள் கம்பியில் மாட்டுகிற பாட்டில் இருக்கிறதே, அது என் பெரியண்ணனின் இரண்டாவது மருமகன். சமதரையில் ஆணி அடித்த மாதிரி நிமிர்ந்து நிற்பான். முதல் கல் தட்டியதும் எகிறிக் குதித்து உருண்டு ஓடிவிடுவான். தேடி எடுத்து வந்தாலும் வாயெல்லாம் மண். குட்டி பாட்டிலைச் செருகி இடுப்பில் கட்டுகிற பட்டை என் மனைவியின் சின்னம்மா. ஆள் சிறிசு, கொடுப்பதும் ஒரு மடக்குதான். ஆனால் வழி நெடுக இடுப்பைப் பிடித்துக்கொண்டு "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று ஞாபகப்படுத்தாமல் விடமாட்டாள். முதுகுப்பைக்குள் தண்ணீர்ப் பையை வைத்து, அதிலிருந்து ஒரு குழாயை வாய்வரை கொண்டு வருகிறார்களே, அது என் அத்தை மகன். கேட்காமலே வாய்க்கு நேராக வந்து நிற்பான், அவ்வளவு பிரியம். உள்ளே சரக்கு எவ்வளவு மிச்சம் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஏற்றத்தில் நம்பி இழுக்கும்போது 'சர்ர்' என்று வெறும் காற்று வரும்.

இந்த இனத்தைப் பற்றி இந்தக் கிழவனுக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? தினமும் காலையில் முகம் சவரம் செய்யும்போது எதிரே நிற்கிறார் ஒருவர். அவரைப் பார்த்துத்தான்.

நான் தையல்காரன். கடையைக் கட்டிய பிறகு வீட்டில் உட்கார்ந்து தொப்பை வளர்த்தேன். அந்தச் சமயம் என் சம்பந்தி, அதாவது என் மகளின் மாமனார், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒரு மலைச் சைக்கிள் வாங்கினார். சம்பந்தி வாங்கிய பிறகு நான் வாங்காமல் இருந்தால் பெண் கொடுத்த வீட்டுக்கு என்ன மரியாதை? வாங்கினேன். எங்கள் ஊர் பல் டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கூட்டத்தை மலைக்கு அழைத்துப் போவார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். உண்மையைச் சொன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் நான் மற்ற நாட்களைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் சின்னம்மாவை, அதாவது இடுப்புப் பட்டையை, நம்பிப் போய்ப் பாதி வழியில் தண்ணீர் தீர்ந்து, தலை சுற்றி ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். விஷயம் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"அப்பா, இன்னொரு தடவை மயங்கி உட்கார்ந்தீங்கன்னு கேள்விப்பட்டேன், மறுநாளே அந்தச் சைக்கிளை வித்துடுவேன்" என்றாள் மகள்.

"நீ என்ன மகளா, போலீஸா?"

"ரெண்டும்தான். மாமாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நீங்க உட்கார்ந்தா அவர் எனக்கு போன் பண்ணுவார்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

சைக்கிள் போனால் ஞாயிற்றுக்கிழமை போச்சு. ஆகவே அத்தை மகன்தான் என்று முடிவு செய்து கடைக்குப் போய் முதுகுப்பையைப் புரட்டினேன். அந்தத் தையலைப் பார்த்ததும் ரத்தம் கொதித்தது. அதற்குப் பெயர் தையலா? நூலுக்கு ஜலதோஷம் பிடித்தால் அப்படித்தான் ஒழுகும். பையைத் தொடக்கூட மனசு வரவில்லை. உள்ளே வைக்கிற தண்ணீர்ப் பையையும் குழாயையும் மட்டும் வாங்கி வந்தேன்.

அந்த வாரம் முழுக்க மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. கனத்த துணி, உள்ளே மெத்தை வைத்த லைனிங், ஓரத்துக்கு ரெட்டைத் தையல். குழாய் வெளியே தொங்கினால் பார்க்க அசிங்கம் என்று தோள்வாருக்குள்ளேயே அதற்கு ஒரு பாதை வைத்துத் தைத்தேன். மேல்பக்கம் ஜிப் வைத்தால் ஜிப்புக்குள் தூசி போகும். ஆகவே சனிக்கிழமை மாலை தண்ணீரை நிரப்பி உள்ளே வைத்து, மேல்வாயைக் கைத்தையலாகப் போட்டு மூடினேன். வந்து பிரித்துக்கொண்டால் போகிறது. தோள்வாரின் நுனி கொஞ்சம் பிசிறாக இருந்தது. அதையும் மடித்து அடித்தேன். பிசிறைக் கண்டால் மடித்து அடிப்பது, ஐயா, தையல்காரன் கைக்கு ஊறிய வேலை. மூளையிடம் உத்தரவு கேட்காது.

மறுநாள் ஏற்றத்தில் என் மிடுக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். சம்பந்தி ஒரு பழைய பாட்டிலைக் கிழிந்த டியூப் துண்டால் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்.

"சம்பந்தி, இதெல்லாம் ஒரு ஏற்பாடா?" என்றேன்.

"உள்ள தண்ணி இருக்கு. குடிக்கிறேன். வேற என்ன ஏற்பாடு வேணும்?"

பாவம், விவரம் தெரியாத மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன். முதல் வாயை நல்ல ஏற்றம் தாண்டிய பிறகுதான் குடிப்பது என்று எனக்கு ஒரு வைராக்கியம். ஏற்றம் தாண்டியது. நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டியது. தோளுக்குக் கையைக் கொண்டு போனேன். தடவினேன். மறுபடி தடவினேன். வழவழவென்று அழகான மடிப்பு. அந்த மடிப்புக்குள்ளே குழாயின் வாய்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். முதுகில் களக் களக் என்று ஒரு குளத்தையே சுமந்துகொண்டு ஒரு சொட்டுக்கு அலைந்தவன் நான்தான். கத்தரிக்கோல் வீட்டில். வேறு வழி? தோள்வாரை வாயில் கவ்வி இழுத்தேன்.

"என்ன பண்றீங்க!" என்று முன்னால் போன டாக்டரம்மா திரும்பிக் கத்தினார். "நான் கட்டின அந்தப் பல்லு போச்சுன்னா மறுபடி கட்டித் தர மாட்டேன்!"

சம்பந்தி பக்கத்தில் வந்து பாட்டிலை நீட்டினார்.

"வேணாம். தாகமில்ல" என்றேன்.

"தாகமில்லாத ஆள் எதுக்குப் பையைக் கடிக்கிறீங்க?"

மரமெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றியது. முழங்கால் மடங்கியது.

"சம்பந்தி! உட்காராதீங்க!" என்று சம்பந்தி அலறினார். "உட்கார்ந்தா நான் போன் பண்ணியாகணும். மருமககிட்ட வாக்குக் கொடுத்துட்டேன். மரத்தைப் பிடிங்க, நில்லுங்க!"

மரத்தைப் பிடித்தேன். டாக்டரம்மா பஞ்சர் சாமான்களுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து வந்து, பல் பார்ப்பது மாதிரியே தலையைச் சாய்த்துத் தோள்வாரைப் பார்த்தார்.

"ரொம்ப ஆழமா இறங்கியிருக்கே."

"மூணு மடிப்பு" என்றேன். சாகிற நேரத்திலும் பெருமை.

நூல் அறுபடவில்லை. என் தையலல்லவா? சரி, மேல்வாயைப் பிரிக்கலாம் என்று அவர் முதுகுப் பக்கம் வந்து ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார். கத்தி வழுக்கி உள்ளே இறங்கியது. ஒரு வாரத்து ஏற்பாடு மொத்தமும் முதுகு வழியாக இறங்கி, கால்சட்டை வழியாக, செருப்பு வழியாக மண்ணுக்குள் போயிற்று. நான் நனைந்த கோழியாக நின்றேன். தொண்டை மட்டும் காய்ந்தே இருந்தது.

சம்பந்தி பாட்டிலை என் வாயில் வைத்தார். நிறுத்தாமல் குடித்தேன். வயிறு நிறைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, அவருக்கும் இருந்தது அந்தத் தண்ணீர்தான். உச்சிக்குப் போகாமல் இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினோம்.

வீட்டு வாசலில் மகள் நின்றாள். என்னைத் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டுச் சம்பந்தியிடம் கேட்டாள்:

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. அப்பா மயங்கி உட்கார்ந்தாரா?"

"சத்தியமா உட்காரலம்மா. நின்னுக்கிட்டேதான் இருந்தார்."

"அப்புறம் ஏன் நனைஞ்சிருக்கார்?"

"தண்ணி நிறைய எடுத்துட்டு வந்தாரும்மா."

ஒரு எழுத்துப் பொய்யில்லை. சைக்கிள் பிழைத்தது. அவள் உள்ளே போனதும் சம்பந்தி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"சம்பந்தி, எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு தைச்சுத் தர்றீங்களா? மேல ஜிப் வேணாம், பொத்தான் வெச்சிருங்க. குழாயை இடது தோள்ல விட்டா எப்படியிருக்கும்? இல்ல, நடு முதுகுல..."

அந்த நல்ல மனுஷருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சைக்கிளைத் தொட்டதே இல்லை, எனக்கென்ன என்கிறீர்கள். இருக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். இடது தோளா நடு முதுகா என்று அவர் கேட்டபோது, உங்கள் மனசுக்குள் ஒரு பதில் எழுந்ததா இல்லையா? எழுந்ததென்றால், வாருங்கள் பங்காளி, இப்படித் தள்ளி உட்காருகிறேன்.