கவர்னர் வெட்டிய நாடாக்கள்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தையே ஆண்டுவிட்டு, துணி துவைக்கும் மெஷினைத் திறந்துவைக்க வந்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

எல்லைக்கு வடக்கே, நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் நான் துப்புரவு, திருத்த வேலைகள் பார்க்கும் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். எல்லோருக்கும் அவர் கவர்னர். இறந்துபோன மனைவியின் ஊர் இது என்று வந்து தங்கியவர். முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்து, சின்ன ஊருக்கு மேயராகி, இரண்டு தடவை கவர்னராகி, மூன்றாம் தடவை தோற்றாராம். தோற்ற செய்தி மட்டும் தனக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதுபோல நடந்துகொள்வார்.

நான் எதைத் திருத்தினாலும் டை கட்டி இறங்குவார். சட்டைப் பையில் சிவப்பு நாடாவும் கத்தரிக்கோலும். நாடாவின் ஒரு நுனி கதவுப் பிடியில், மறு நுனி என் கையில். கால் மணி நேரம் பேச்சு. வெட்கத்தில் எனக்குக் காது எரியும்.

"தம்பி, உன்ர ஆள் பல்ப் மாத்தினதுக்கும் கூட்டம் வைக்கிறார்," என்பார் இரண்டாம் மாடி பிலோமினா அக்கா. மன்னார்க்காரி. என் இங்கிலீஷ் குளிருக்கும் குப்பைக்கும்தான் போதும். மிச்சத்தை அக்காதான் சொல்லித் தருவார்.

கவர்னரின் இன்னொரு பழக்கம் மன்னிப்புக் கடிதம். யார் பிழை விட்டாலும் மன்னித்ததாக எழுதி, கையெழுத்திட்டுக் கதவுக்கடியில் தள்ளுவார். மீன் பொரித்து மணக்கவிட்டதற்காக அக்காவிடமே நாலு கடிதங்கள்.

"ஏனக்கா இவர் இப்பிடி?"

அக்கா அவரிடமே கேட்டுவந்து சொன்னார். அன்று அக்கா சிரிக்கவில்லை.

"மரண தண்டனைக் கைதி ஒருத்தன்ர தாய் ரெண்டு நாள் இவற்ற ஒஃபீஸ் வாசல்ல இருந்தவவாம். மன்னிக்கிற அதிகாரம் இவரிட்டத்தான். தேர்தல் கிட்ட எண்டு கையெழுத்து வைக்கேல்லை. பொடியன்ர உயிரை எடுத்துப்போட்டாங்கள். பேந்து தேர்தலிலயும் தோத்தார்."

போன ஜனவரியில் ஒரு காலை உறைமழை; படியெல்லாம் கண்ணாடிபோல ஐஸ். ஐஸ் கரையப் பின்படிக்கு உப்புப் போட்டேன். தேத்தண்ணி குடித்துவிட்டு முன்படிக்குப் போடலாம் என்று கீழே என் அறைக்குப் போனேன். கவர்னர் டை கட்டிக்கொண்டு பேப்பர் வாங்க டெப்பனருக்கு, அந்த மூலைக்கடைக்குப் புறப்பட்டார். சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். முன்படியில் வழுக்கி விழுந்து கிடந்தார். இடுப்பெலும்பு முறிவு.

அவர் வழக்குப் போட்டால் நான் வெளியே என்றார் கட்டடச் சொந்தக்காரர். வேலையோடு என் நிலவறை அறையும் போகும்.

"உப்புப் போட்டனான் எண்டு சொல்லு. ஆர் பாத்தது?" என்றார் அக்கா, ஆஸ்பத்திரி லிஃப்டில்.

உப்புப் போட்டாயா என்றுதான் கவர்னர் முதலில் கேட்டார். லிஃப்டிலிருந்து கட்டில்வரை அந்தப் பொய்யை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். வாயில் வந்தது, "நோ சால்ட். ஐ டிரிங்க் டீ."

கவர்னர் எழுதத் தாள் கேட்டார். நாலு வரி எழுத அரை மணி நேரம்.

"முழு மன்னிப்பாம். உன்னை வேலையால எடுக்கக்கூடாதாம்," என்று அக்கா வாசித்தார். கவர்னர் ஏதோ முணுமுணுத்தார். அக்கா அதையும் சொன்னார். "இந்தமுறை நேரத்துக்குக் கையெழுத்து வைச்சிட்டாராம்."

ஒன்பதாம் நாள் கவர்னர் இறந்துபோனார். கட்டடக்காரர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு நாலு மூட்டை உப்பு வாங்கிப் போட்டார்.

போன மாதம் எங்கள் லிஃப்டைத் திருத்தினேன். பைகளோடு ஏற வந்தவர்களைக் கையால் மறித்துவிட்டு, அவர் விட்டுப்போன நாடாவைக் குறுக்கே கட்டினேன்.

"வெட்டு தம்பி," என்றார் அக்கா.

வெட்டினேன். எல்லோரும் காத்து நின்றார்கள். அவருடைய கால் மணி நேரப் பேச்சுத்தான் எனக்கு வரவில்லை.