சாகாத பூச்சி

எலுமிச்சை இலையைத் திருப்பிப் பார்த்த பூச்சி சாருக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு பூச்சிகூடச் சாகவில்லை.

அவர் தோட்டக்கலை அலுவலகத்தில் பூச்சி ஒழிப்பு அதிகாரி. பூச்சி பிழைத்ததற்குச் சந்தோஷப்பட அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை. ஆகவே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "இன்னும் இருக்கும்மா" என்றார்.

"அடடா! அப்போ நீங்க மறுபடியும் வரணுமே" என்றார் தோட்டத்தம்மா. "உக்காருங்க சார், டீ போட்டிருக்கேன்."

வராந்தாவில் நான்கு நாற்காலிகள் இருந்தன. கணவர் காலமாகி, பிள்ளைகள் இரண்டும் தூரதேசம் போன பிறகு ஒன்றைத்தான் துடைப்பாராம். பூச்சி வந்ததிலிருந்து இரண்டைத் துடைக்கிறார்.

பூச்சி சாருக்கும் வீடு என்று பெயருக்கு ஒரு வாடகை அறை. ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஆணியில் ஒரு துண்டு. மனைவி போன பிறகு தினமும் காலையில் பூட்டைப் பார்த்துத்தான் "போயிட்டு வரேன்" என்று சொல்வார். சீக்கிரம் வாங்க என்று பூட்டு ஒருநாளும் சொன்னதில்லை.

அதனால்தான் ஒரு திருட்டுத்தனம் செய்தார். மரத்தடி மண்ணில் மருந்து ஊற்றுவதற்கு முன் சருகையெல்லாம் கூட்டித் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் மருந்தைச் சருகே குடித்துவிடும், வேருக்கு ஒன்றும் மிஞ்சாது. தெரிந்தே அவர் சருகின் மேல் ஊற்றியிருந்தார்.

மேலதிகாரி கூப்பிட்டுவிட்டார்.

"ஒரு தோட்டத்துக்கு இத்தனை நடையா? மரம் பூ விடறதுக்குள்ள பூச்சி ஒழியணும். பூ வந்தா தேனீ வரும், அப்புறம் மருந்தைத் தொடக்கூடாது. உங்களால முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆளை அனுப்பறேன்."

பூச்சி சாருக்குத் தலை சுற்றியது. பூச்சி செத்தால் அங்கே போக வேண்டியதில்லை. சாகாவிட்டால் போக முடியாது.

கடைசியில் மனசாட்சி ஜெயித்தது. அந்த மரங்களை நம்பித்தானே அந்த அம்மாவின் காலம் ஓடுகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு, தானே துடைப்பம் பிடித்துச் சருகைக் கூட்டினார். அளந்து கரைத்து, ஒவ்வொரு மரத்தடியிலும் பக்குவமாக ஊற்றினார்.

"இந்த மருந்து வேர் வழியா ஏறி இலைக்குப் போகும்மா. இலையைத் தின்ற பூச்சி காலி. லேசாத் தண்ணி காட்டினா போதும். ரொம்ப விட்டா மருந்து வேரைத் தாண்டிக் கீழே இறங்கிடும்."

"ரொம்பன்னா எவ்வளவு சார்?"

என்ன பொறுப்பு என்று உருகிப்போனார் பூச்சி சார். பக்கத்தில் நின்ற மோட்டார்க்காரர் வாய் கொள்ளாமல் கொட்டாவி விட்டார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது அவர் வேலை. எப்போது பார்த்தாலும் தூங்கி வழிவார்.

அடுத்த முறை போனபோது பூச்சிகள் கொழுகொழுவென்று இருந்தன. போதாததற்கு இலைகளும் மஞ்சளடித்திருந்தன.

இப்போது அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. "இப்படி ஆகாதே!" என்று புலம்பினார்.

"போகட்டும் சார், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. டீ ஆறுது" என்றார் தோட்டத்தம்மா.

இந்த ஆண்டுக்கு அனுமதித்த மருந்தில் மிச்சமிருந்ததையும் ஊற்றினார். இனி ஒரு சொட்டுகூட ஊற்றக்கூடாது. பூச்சிகளோ அதையும் ஏப்பம் விட்டன. இளந்தளிரெல்லாம் சுருண்டு போயிற்று. மேலதிகாரி நேரில் வந்து பார்த்த அன்று, பதறி ஓடிய பூச்சி சாரின் செருப்பு சேற்றில் மாட்டி அறுந்தது. கெட்ட நேரத்தில் செருப்புக்கூட உதவாது என்று நினைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு பூச்சியைக் கொல்லத் தெரியலை உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு மேலதிகாரி வண்டியேறினார்.

வராந்தாவில் பூச்சி சார் டீயைக் கையிலேயே வைத்திருந்தார்.

"நாளையிலேருந்து வேற ஒருத்தர் வருவாரும்மா. வேற ரக மருந்து கொண்டு வருவார். கெட்டிக்காரர்."

தோட்டத்தம்மா முந்தானையால் நாற்காலியின் கையைத் துடைத்தார். பிறகு, "அவருக்கு டீ பிடிக்குமா?" என்றார்.

"தெரியலைம்மா."

முதல் தடவை செய்த திருட்டுத்தனத்தைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். துணிச்சல் வரவில்லை. தான் செய்த துரோகத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்று தோன்றியது. தம்ளரை வைத்துவிட்டு, அறுந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். இனி "போயிட்டு வரேன்" என்று பூட்டிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

கேட்டருகே, வராந்தாவில் தோட்டத்தம்மாவிடம் பேசிவிட்டு மோட்டார்க்காரர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணிரண்டும் சிவந்திருந்தாலும் முகமெல்லாம் பல்.

"நல்லவேளை சார், ஆளை மாத்தினாங்க, இனிமே நான் ராத்திரி நிம்மதியாத் தூங்குவேன்! புது ஆளு ஊத்தறதை அப்படியே விட்டுடு, பூச்சி சார் ஊத்தற மருந்தை மட்டும்தான் விடிய விடிய மோட்டார் போட்டுக் கழுவி விடணும்னு அம்மா சொல்லிட்டாங்க!"