ஒரு மாசத்துக்கு ஒரு வீடு, ரெண்டு பேருக்கு மட்டும்

அப்பாவுக்குக் கண்ணுல புரை. மெட்ராஸ் கண்ணாஸ்பத்திரியில ஆபரேஷன் முடிஞ்சுது. பத்து நாள் படுக்கையில வச்சிருந்துட்டு, "இனிமே வெளிய தங்கிக்கலாம். ஆனா ஒரு மாசம் தினமும் காலையில வந்து மருந்து போட்டுக்கணும்"னு டாக்டர் சொல்லிட்டாரு.

எங்க ஊரு திண்டிவனம் தாண்டி கூட்டேரிப்பட்டு பக்கம். அங்கேருந்து தினமும் பஸ்ல புழுதி தின்னுக்கினு மெட்ராஸ் வந்து போனா, நல்லா இருக்கற கண்ணும் போயிடும்.

அதனால ஆஸ்பத்திரி இருக்கற எழும்பூர் பக்கமா ஒரு மாசத்துக்கு ஒரு வீடு பாக்கணும். அவ்வளவுதான் வேலை.

நான் அப்ப திண்டிவனத்துல ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார். முழாண்டு லீவு. அப்பாகிட்ட ரொம்ப தெம்பா சொன்னேன்:

"காலையில போனா மத்தியானத்துக்குள்ள சாவியோட வர்றேன்."

அப்பா கட்டுப் போடாத கண்ணால என்னை ஒரு பார்வை பாத்தாரு. ஒத்தைக் கண்ணுலயே அவ்வளவு அவநம்பிக்கை!

முதல் வீடு. வாசல்ல போர்டு தொங்குது. வீட்டுக்காரர் நல்ல மாதிரியாத்தான் பேசினாரு. "எத்தனை வருஷத்துக்கு?"ன்னு கேட்டாரு.

"ஒரு மாசத்துக்குங்க."

"ஒரு மாசமா? நான் வெள்ளையடிச்சி ஈரம் காயறதுக்கே ஒரு மாசம் ஆவும். போப்பா."

ரெண்டாவது வீடு. ஒரு அம்மா கதவை அரை சாண் தொறந்து, அந்தச் சந்து வழியாவே கேட்டாங்க.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லீங்க."

கதவு மூடிக்கிச்சு. உள்ளேருந்து குரல் மட்டும் வந்துது: "ஆனப்புறம் வா!"

அப்பாவோட கண்ணு அதுவரைக்கும் தாங்குமா?

மூணாவது வீட்டுல இருந்த பெரியவர் என்னைத் தலையிலேருந்து கால் வரைக்கும் பாத்தாரு. கையில மஞ்சப் பை. வேர்வையில சட்டை முதுகோட ஒட்டியிருக்குது. "ஒரே மாசத்துக்கு வீடு கேக்கறியே, யாரை இட்டுக்கினு ஓடிவந்தே?"ன்னாரு.

"எங்கப்பாவைங்க"ன்னேன்.

அவரு சிரிக்கவே இல்லை.

மத்தியானம் ஆச்சு. சாவியும் இல்லை, சாப்பாடும் இல்லை. ஒரு டீக்கடையில பன்னு தின்னுக்கினு என் பேஜாரைச் சொன்னேன். கடைக்காரர்தான் சொன்னாரு: "அந்தக் கடைசி சந்துல ஒரு ரிட்டையர்டு டி.டி.ஆர். இருக்காரு. ரயில்ல டிக்கெட் செக் பண்ணிக்கினு இருந்தவரு. சம்சாரம் தவறிப்போச்சு. தனியாத்தான் இருக்காரு. பின்கட்டு சும்மா கெடக்குது. ஆனா ஆளு கொஞ்சம் ஒரு மாதிரி."

போனேன். வாசல்ல ஈஸிச்சேர். அதுல டி.டி.ஆர். ரிட்டையராயி மூணு வருஷமாம். இன்னும் சட்டைப் பாக்கெட்டுல சேப்புப் பென்சில்!

"எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கங்க."

"விழுப்புரம் ஜங்ஷன்ல எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன் தெரியுமா, மிஸ்டர்? சீட்டுக்கு அடியில படுத்திருப்பான். மூட்டைக்குப் பின்னால குந்திக்கினு இருப்பான். மூஞ்சியைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும். முப்பது வருஷ சர்வீஸ்ல என்னை ஒருத்தன் ஏமாத்தினது கிடையாது. எத்தனை பேர் நீங்க?"

"நானும் எங்கப்பாவும் மட்டும்தாங்க."

"ரெண்டு பேர்னா ரெண்டு பேர். மூணாவதா ஒரு ஆள் ராத்தங்கினா, பெட்டியைத் தூக்கி ரோட்டுல வச்சிடுவேன். எனக்குக் கூட்டம் ஆகாது."

"சத்தியமா ரெண்டே பேருங்க!"

அன்னைக்கு அது சத்தியமாத்தான் இருந்துது.

மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கினு வந்து பின்கட்டுல குடியேறினேன். கட்டுப் பிரிச்சாச்சு. இடது கண்ணு மேல பச்சைத் துணியை நாடாவால கட்டித் தொங்கவிட்டிருந்தாங்க. வெளிச்சம் படக்கூடாது, குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. டி.டி.ஆர். வந்து பாத்து, "நல்ல மனுஷனா தெரியறாரு"ன்னு சர்டிபிகேட் குடுத்தாரு.

மூணு நாள் எல்லாம் ஒழுங்கா போச்சு.

நாலாவது நாள் டி.டி.ஆர். மார்க்கெட்டுக்குப் போயிருக்கற நேரமா பாத்து ஒரு ஆளு உள்ள வந்தாரு. தோள்ல ஒரு மூட்டை மல்லாட்டை, அதான் வேர்க்கடலை. என் சித்தப்பா!

சித்தப்பாவைப் பத்திச் சொல்லணும். அப்பாவும் அவரும் ரெட்டைப்பிள்ளைங்க. கால் மணி நேரம்தான் வித்தியாசம். அதே மூக்கு, அதே மீசை, அதே வழுக்கை. எங்கம்மாவே எத்தனையோ தடவை அப்பான்னு நெனச்சிக்கினு அவரைத் திட்டியிருக்காங்க. அவரும் முழுசா வாங்கிக்கினு, கடைசியில "அண்ணி, நான் சின்னவன்"னுவாரு.

"இன்னா சித்தப்பா, நீ எங்க இங்க?"

"அண்ணன் கண்ணைப் பாக்காம எனக்குக் கேப்பைக்களி தொண்டையில எறங்கலடா."

"பாத்துட்ட இல்ல? சாயந்திரம் பஸ்ல கெளம்பிடு. வீட்டுக்காரரு ரெண்டு பேருக்குத்தான் எடம் குடுத்திருக்காரு."

"அண்ணன் கண்ணைத் தொறந்து என்னை ரெண்டு கண்ணாலயும் பாக்கற வரைக்கும் நான் போமாட்டேன்."

அப்பாவாவது புத்தி சொல்லுவாருன்னு திரும்பிப் பாத்தேன். அவரு தம்பி கையைப் பிடிச்சிக்கினு, "இருந்துட்டுப் போறான், உடு"ங்கறாரு!

வீட்டுக்காரரு வெளிய தள்ளிட்டா இந்தக் கண்ணை வச்சிக்கினு அப்பாவை எங்க கொண்டுபோவேன்? மறுபடியும் அந்தக் கதவுச் சந்து அம்மாகிட்டயா?

சித்தப்பாதான் யோசனை சொன்னாரு. "ஊர்லயே எங்க ரெண்டு பேரையும் எவனுக்கும் அடையாளம் தெரியாது. இந்த டி.டி.ஆருக்கா தெரியப்போவுது? எனக்கும் ஒரு பச்சைத் துணி வாங்கியாடா."

புள்ளைங்க பொய் சொன்னா பெஞ்சு மேல ஏத்தற வாத்தியார் நான். கடைக்கு ஓடிப்போயி கால் கஜம் பச்சைத் துணி வாங்கியாந்து, நானே ஊசி எடுத்துத் தச்சேன்.

சட்டம் இதுதான்: ஒருத்தர் வெளிய இருந்தா ஒருத்தர் உள்ள இருக்கணும். ரெண்டு தலையும் ஒண்ணா தெரியக்கூடாது.

மறுநாளே டி.டி.ஆர். என்னை நிறுத்தினாரு.

"வாத்தியாரே, உங்கப்பா கெணத்துலேருந்து ரெண்டு வாளித் தண்ணியை ரெண்டு கையிலயும் தூக்கினு, வாசக் கால்வாயை ஒரே தாண்டு தாண்டறாரு! பாரம் தூக்கக்கூடாதுன்னீங்களே?"

"டாக்டர் லேசா எக்சர்சைஸ் பண்ணச் சொன்னாருங்க."

"அது லேசா?"

உள்ள போயி சித்தப்பாவைப் பிடிபிடின்னு பிடிச்சேன். அவரு தலையைத் தலையை ஆட்டிட்டு, அடுத்த நாள் ரொம்ப நிதானமா, செவுத்தைப் பிடிச்சிக்கினு, முனகிக்கினு நடந்து போனாரு. பிரமாதமா நடிச்சாரு. ஆனா துணியை வலது கண்ணுல கட்டிக்கினு போயிட்டாரு!

"வாத்தியாரே! காத்தால இடது கண்ணு. இப்ப வலது கண்ணு. இன்னா கணக்கு இது?"

"அது... ஒரு கண்ணே வேலை செஞ்சா களைச்சிப் போவுமாம். மாத்தி மாத்தி ரெஸ்ட் குடுக்கணுமாம்."

"ஓஹோ. ஷிஃப்ட் டியூட்டி."

"ஆமாங்க."

ரயில்வே ஆளாச்சே. ஷிஃப்டுன்னதும் ஒத்துக்கினாரு.

இதுக்கு நடுவுல இன்னொரு தொல்லை ஆரம்பிச்சுது. டி.டி.ஆருக்கு எங்கப்பாவை ரொம்பப் பிடிச்சிப்போச்சு! காலையில ஆஸ்பத்திரி போய் வந்ததும் அப்பாவை வாசல்ல உக்கார வச்சி ஆடுபுலி ஆடுவாரு. சாயந்திரம் நாலு மணிக்கு மறுபடியும் கூப்பிடுவாரு. அப்ப அப்பா தூங்கற நேரம். அதனால சித்தப்பா போவாரு.

காலையில டி.டி.ஆர். ஜெயிப்பாரு. சாயந்திரம் மண்ணைக் கவ்வுவாரு.

காலையில சக்கரை இல்லாத காப்பி. சாயந்திரம் மூணு ஸ்பூன் சக்கரை, அதுவும் பத்தலைன்னு இன்னொண்ணு.

காலையில டி.டி.ஆர். தன் சம்சாரம் தவறின கதையை மூக்கைச் சிந்திக்கினே சொல்வாரு. அப்பாவும் கூடவே கண்கலங்குவாரு. சாயந்திரம் சித்தப்பா போய் உக்காந்ததும் கேப்பாரு: "ஆமா, வீட்டுல அம்மா யாரும் இல்லையா? ஊருக்குப் போயிருக்காங்களா?"

பத்து நாள் கழிச்சி ஒரு சாயந்திரம் டி.டி.ஆர். என்னைத் தனியா கூப்பிட்டாரு. குரலே கம்மிப்போயிருந்துது.

"வாத்தியாரே, மனசைத் திடமா வச்சிக்கோங்க. உங்கப்பாவுக்கு மறதி நோய். காத்தால சொன்னது சாயந்திரம் நெனப்புல இல்லை. கண்ணைக் காட்டினது போதும், மூளையைக் காட்டணும். நாளைக்கு நானே ஆஸ்பத்திரிக்கு வர்றேன். டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

"வேணாங்க, உங்களுக்கு எதுக்கு சிரமம்..."

"நல்ல மனுஷன்யா உங்கப்பா. சும்மா உட முடியுமா?"

அவரு கண்ணுல தண்ணி. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலை. ஏமாத்தறதுகூடப் பரவாயில்லை. ஏமாந்தவரு நம்ம மேல பிரியமா இருக்காரே, அதுதான் தாங்கலை.

மறுநாள் ரிக்‌ஷாவுல அப்பாவும் டி.டி.ஆரும். பின்னாலயே நான் ஓட்டமும் நடையுமா. சித்தப்பாகிட்ட, "வெளிய தலை காட்டாத"ன்னு மூணு தடவை சொல்லிட்டுத்தான் போனேன்.

டாக்டர் அப்பாவை நிறைய கேள்வி கேட்டாரு. கெழமை, ஊரு, பேரு, நேத்து சாப்பிட்டது. அப்பா அத்தனைக்கும் டாண் டாண்ணு பதில் சொன்னாரு. டி.டி.ஆர். விடலை. "நேத்து சாயந்திரம் ஆடுபுலியில என் புலியை எப்படி அடைச்சீங்க, அதைச் சொல்லுங்க"ன்னாரு.

அப்பா என்னைப் பாத்தாரு. நான் ஆஸ்பத்திரி விட்டத்தைப் பாத்தேன்.

"பாத்தீங்களா டாக்டர்!"னாரு டி.டி.ஆர்.

டாக்டரு, "வயசாயிட்டா அப்படித்தான் இருக்கும். கண்ணு நல்லா ஆறிக்கினு வருது"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

தப்பிச்சோம்னு நெனச்சேன்.

ரிக்‌ஷா சந்துக்குள்ள திரும்பிச்சு. எங்க வாசல்ல ஒரு ஆளு நிக்கறாரு. நல்ல பருமன். ஜரிகை அங்கவஸ்திரம். அவருக்கு எதிர்ல, கண்ணுல பச்சைத் துணியோட, மல்லாட்டையை உரிச்சி வாயில போட்டுக்கினு எங்க சித்தப்பா!

"நான் இங்க குடியிருக்கறவன்யா. நீ யாரு அதைக் கேக்கறதுக்கு?"ன்னு சித்தப்பா அதட்டிக்கினு இருக்காரு.

"நான் யாரா? இது என் வீடுய்யா!"ன்னு அந்த ஆளு கத்தறாரு.

நான் தொலைஞ்சேன்னு டி.டி.ஆர். மூஞ்சியைப் பாத்தேன். அவரு சித்தப்பாவைப் பாக்கவே இல்லை. அந்தப் பருமனான ஆளையே பாத்துக்கினு இருந்தாரு. மூஞ்சி வெளுத்துப்போச்சு.

ரிக்‌ஷாவுலேருந்து குதிச்சி ஓடினாரு. "வாங்க, வாங்க! சொல்லாம வந்துட்டீங்களே!"

"யாருய்யா இது? உள்வாடகைக்கு விடக்கூடாதுன்னு சொல்லித்தானே உனக்கு வீடு குடுத்தேன்?"

"உள்வாடகையா? சேச்சே! இவரு எங்கண்ணன். கண்ணு வைத்தியத்துக்கு வந்திருக்காரு."

அந்த ஆளு மெதுவா விரலை நீட்டினாரு. ரிக்‌ஷாவுல அப்பா குந்திக்கினு இருந்தாரு. அதே மூக்கு, அதே மீசை, அதே பச்சைத் துணி.

"அப்ப இது யாரு?"

டி.டி.ஆர். திரும்பினாரு. அப்பாவைப் பாத்தாரு. சித்தப்பாவைப் பாத்தாரு. மறுபடியும் அப்பாவைப் பாத்தாரு. கடைசியா என்னைப் பாத்தாரு. அந்தப் பார்வையை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

ஆனா முப்பது வருஷ சர்வீஸ் இல்லையா! தொண்டையைச் செருமிக்கினு சொன்னாரு:

"இவரும் எங்கண்ணன்தான். ரெட்டைப்பிள்ளைங்க."

"ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல கண்ணு ஆபரேஷனா?"

சித்தப்பா குறுக்க பூந்தாரு. "பொறந்ததும் ஒண்ணா, புரை விழுந்ததும் ஒண்ணாங்க."

"இந்தப் பையன்?"

நான் முந்திக்கினேன். டி.டி.ஆர். கையைப் பிடிச்சிக்கினு, "இவரு எங்க சின்ன சித்தப்பாங்க"ன்னேன்.

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் எங்க நாலு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்புறம் அவரு கண்ணும் கலங்கிச்சு.

"இந்தக் காலத்துல அண்ணனுங்களை வச்சிப் பாக்கற தம்பி எங்கய்யா இருக்கான்? எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும்"னு சொல்லிட்டு, சித்தப்பா குடுத்த மல்லாட்டையை மடியில கட்டிக்கினு போயிட்டாரு.

டி.டி.ஆர். ஈஸிச்சேர்ல தொப்புனு உக்காந்தாரு.

"எத்தனை நாளா?"

"பதினோரு நாளாங்க. மன்னிச்சிடுங்க."

"நான் ஆடுபுலியில ஜெயிச்சது?"

"அப்பாகிட்டங்க."

"தோத்தது?"

"என்கிட்டங்க"ன்னு சித்தப்பா சந்தோஷமா கையைத் தூக்கினாரு.

டி.டி.ஆர். பெருமூச்சு விட்டாரு. "அப்ப அவருக்கு மறதி நோய் இல்லை?"

"இல்லீங்க."

"அதுவரைக்கும் சந்தோஷம்"னாரு. நெஜமாவே சந்தோஷமாத்தான் சொன்னாரு. அது போதாதா, எனக்குத் தைரியம் வந்துடுச்சு.

"ஐயா, வீடு உங்களுது இல்லீங்களா?"

"அதெல்லாம் வாசல்ல வச்சிப் பேசற விஷயமாய்யா? உள்ள வா, ஜல்தி!"

மிச்ச நாளெல்லாம் அங்கதான் இருந்தோம். அப்பா கண்ணு நல்லபடியா ஆறிச்சு. துணியை எடுத்ததும் ரெண்டு கண்ணாலயும் தம்பியைப் பாத்துட்டு, "நீ இவ்ளோ கறுத்துட்டியாடா?"ன்னாரு. ஊருக்குக் கெளம்பற அன்னைக்கு டி.டி.ஆர். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, சித்தப்பாவைக் கட்டிக்கினு அழுதாரு. அப்பான்னு நெனச்சிக்கினு.

அதுக்கப்புறம் நான் எந்த ஊர்ல வீடு தேடிப் போனாலும் முதல்ல கேக்கறது வாடகை இல்லை. "ஐயா, வீடு உங்களுதுதானே?"ன்னுதான் கேக்கறேன்.

இதுவரைக்கும் ஒருத்தரும் எனக்கு வீடு குடுக்கலை.