பதினேழாம் எண் பதாகை

ஒரு கோல் குறைந்தது.

வெர்னா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். சட்டம் போட்டு மாட்டுவதற்காகப் பெட்டியிலிருந்து எடுத்த, நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஆட்டத் தாள். கோல் அடித்தவரின் சட்டை எண் என்ற கட்டத்தில் முதலில் எழுதியிருந்தது ஒன்பது. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் பதினேழு.

பதினேழு என்றால் டுவேன் காஸ்பர். ஒரே சீசனில் ஐம்பத்தோரு கோல். டன்ரோஸ் பேட்ஜர்ஸ் இளையோர் ஐஸ் ஹாக்கி அணியின் ஐம்பது வருஷ வரலாற்றில் சொல்லிக்கொள்ள இருக்கும் ஒரே சாதனை. இன்னும் இரண்டு மணி நேரத்தில் அவனைக் கௌரவித்து அவன் எண் பொறித்த பதாகையை அரங்கக் கூரையில் ஏற்றப் போகிறார்கள். லீக் அனுப்பிய பட்டியலை நம்பி வெர்னா எழுதிய அணி வரலாறும் அப்போதுதான் வெளியாகிறது.

அணி நிர்வாகத் தலைவர் லாய்டிடம் ஓடினாள்.

"ஒண்ணு போனா ஐம்பது. பக்கத்து ஊர் ஸ்டோனி பாயின்ட்காரனோட பழைய சாதனைக்குச் சமம்!" லாய்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவனுங்களோட சமமா நிக்கறதுக்கு இந்த அரங்கத்தையே இடிச்சிடலாம். டுவேனுக்கு எங்கயாவது ஒரு கோல் விட்டுப்போயிருக்கும். தேடுங்க வெர்னா."

தேடினாள். அரைமணியில் திரும்பி வந்தாள்.

"கிடைச்சுதா?"

"இன்னும் ஒன்பது கோல் போச்சு."

"எதுக்கு இவ்வளவு தேடினீங்க?"

"நீங்கதானே தேடச் சொன்னீங்க!"

பத்துத் தாளிலும் ஒரே திருத்தம். ஒன்பது அடிபட்டு, பதினேழு. கூட்டிப் பார்த்தால் டுவேனுக்கு நாற்பத்தொன்று. ஒன்பதாம் எண்காரனுக்கு நாற்பத்தெட்டு.

"யாரு அந்த ஒன்பது?" என்றார் லாய்ட். அவர் இந்த ஊருக்கு வந்து எட்டு வருஷம்தான்.

"என் புருஷன்."

லாய்ட் தன் காப்பிக் கோப்பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

புருஷன் ஓரெஸ்ட் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. டுவேனோ, சாதனையை முறியடித்த மறுவாரமே பெரிய லீக்காரர்கள் கூப்பிட்டு ஊரைவிட்டுப் போனவன். அங்கே ஆடியது இரண்டே ஆட்டம். ஊரில் இருந்தவரை சனிக்கிழமை தவறாமல் வெர்னாவைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனவன், வாராவாரம் கடிதம் போடுவதாகச் சொன்னான். ஒன்றுகூட வரவில்லை. அடுத்த வருஷம் அவள் ஓரெஸ்ட்டைக் கட்டிக்கொண்டாள்.

"பதாகையை நிறுத்துங்க. நான் மைக்ல சொல்லப் போறேன்."

"டுவேன் கால்கரியிலேர்ந்து குடும்பத்தோட வந்திருக்கார், வெர்னா! பதாகையில பதினேழுன்னு தைச்சாச்சு!"

"பிரிச்சுட்டு ஒன்பதுன்னு தைங்க."

தாள்களை அள்ளிக்கொண்டு பனித்தளத்துக்கு ஓடினாள். ஓரெஸ்ட் தளத்தை வழவழப்பாக்கும் வண்டியில் நிதானமாக வட்டமடித்துக்கொண்டிருந்தான். எதிர்ப்புறம் மேல் வரிசையில் வழுக்கைத் தலையும் தொப்பையுமாக டுவேன் யாருக்கோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஓரெஸ்ட்! நிறுத்து! உன் பத்துக் கோலைத் திருடியிருக்காங்க! அப்போ ஸ்கோர் எழுதின கிழவன்தான்!"

ஓரெஸ்ட் வண்டியை நிறுத்தினான். தாள்களைப் பார்த்ததும் காது சிவந்தது.

"அந்த மனுஷனைத் திட்டாத. ஆட்டம் முடிஞ்சதும் கேப்டன் வந்து கையெழுத்துப் போடாம அவர் ஒரு எண்ணைக்கூட மாத்த மாட்டார்."

"அந்த வருஷக் கேப்டன்னா..."

"கீழ பாரு."

இதுவரை எண்ணை மட்டுமே பார்த்தவள் இப்போதுதான் தாளின் அடிப்பக்கம் பார்த்தாள். ஒவ்வொரு பிறந்தநாள் அட்டையிலும் அவள் பார்க்கிற அதே கோணல் கையெழுத்து. பத்துத் தாளிலும்.

"நீயா? உன் கோலை நீயே அவனுக்கு... உனக்கென்ன பைத்தியமா?"

ஓரெஸ்ட் மேல் வரிசையை ஒருதரம் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

"அவன் சாதனையை முறியடிச்சா உடனே கூட்டிட்டுப் போறோம்னு அந்தப் பெரிய லீக் ஆளு சொல்லியிருந்தார். நாற்பத்தொண்ணோட நின்னிருந்தா, சனிக்கிழமை சினிமாவுல உன் பக்கத்துல அவன்தானே உட்கார்ந்திருப்பான்?"