துண்டாட்டி இழுக்க வச்ச கயிறு

அட, நீ சொல்ற ஆளெல்லாம் ஒரு ஆளா மதினி. இந்தத் தெருவுக்குக் குடி வந்து உனக்கு ஆறு மாசம்கூட ஆகலை, துண்டாட்டியை நீ பாத்திருக்க மாட்டே. வானத்துல சூரியன் ஒரு பக்கமும் நிலா ஒரு பக்கமும் நின்னா, ‘இருங்கப்பா, ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க’ன்னு துண்டைத் தூக்குற மனுசன் அவரு.

கரைவலைக்கு அவருதான் மண்டாடி. கரைவலை தெரியும்ல? வள்ளத்துல போயிக் கடலை வளைச்சு வலையைப் போட்டுட்டு, ரெண்டு கயித்து நுனியையும் கரைக்குக் கொண்டாருவாக. வடக்கால பத்துப் பேரு, தெக்கால பத்துப் பேரு நின்னு இழுக்கணும். ஒரு பக்கம் முந்துனா வலை சாஞ்சு மீனெல்லாம் போயிரும். நடுவுல நின்னு துண்டை ஆட்டி, ‘வடக்க நில்லு, தெக்க இழு’ன்னு சொல்றவருதான் மண்டாடி. சொந்தப் பேரு அவருக்கே மறந்துபோச்சு.

அதைக் கடக்கரையோட விட்டாத் தேவலை. என் மக கல்யாணத்துல பொண்ணு வீட்டு ஆளுகளும் மாப்பிள்ளை வீட்டு ஆளுகளும் பந்தலுக்கு ஒண்ணாத்தான் வரணும்னு நடுத்தெருவுல நின்னு துண்டை ஆட்டுனாரு. அவுக வர இவுக நிக்க, இவுக வர அவுக நிக்க, மேளக்காரரு தூங்கியே போனாரு.

இப்படி ஒரு ஆளை யாராச்சும் ஆபீசருக கூட்டத்துக்குக் கூட்டிப் போவாகளா? நாங்க கூட்டிப் போனோம்.

படகுத்துறை இருக்குல்ல, சர்க்காரும் கம்பெனியும் கூட்டாக் கட்டுனது. மொதப் பிளான்ல கரை நெடுக சுவரு. நாங்க பொம்பளைக விக்கிறதுக்குக் கடப்பாசி எடுக்கக் கடல்ல இறங்குற வழி அடைபட்டுப் போகும். வழி போனா அடுப்பு எரியாது, அம்புட்டுத்தான். ஆபீசரம்மாவைக் கேட்டா கம்பெனியைக் கேளுங்கன்னாக. கம்பெனி இஞ்சினீயரு, விசைப்படகுக்காரவுக சம்மதிக்கட்டும்னாரு. அவுக, எங்களுக்குப் படகு நிறுத்த இடம் குறையும், சர்க்காரு சொல்லட்டும்னாக. ரெண்டு கூட்டம் இப்படியே கலைஞ்சுச்சு. மூணாவதோட பிளானை முடிச்சுருவாக.

மூணாவது கூட்டத்தன்னைக்குக் காலையில கடலு, காய்ச்சி ஆறவச்ச பாலு மாதிரி கெடந்துச்சு. வானம் எது தண்ணி எதுன்னு தெரியலை. தூரத்து வள்ளம் மேகத்துல மெதக்குது. கரையில போட்ட கூட்டப் பந்தலுக்குள்ள ஆளாளுக்குக் கத்துறாக. துண்டாட்டி எந்திரிச்சுத் துண்டைத் தூக்குனாரு.

“பேசணுமா பெரியவரே?” ஆபீசரம்மா கேட்டாக.

“பேசலை தாயி. போட்ட வலை கெடக்கு. இழுக்குற பயலுக பாதிப்பேரு இங்கன உக்காந்து உங்க பேச்சைக் கேக்குறாய்ங்க. ஆள் பத்தலை, வாங்க.”

அவரு சொன்ன தோரணையில அந்தம்மா சேலையைச் செருகிக்கிட்டு எந்திரிச்சுட்டாக. ஆபீசரம்மாவும் கம்பெனியும் தெக்குக் கயிறு, விசைப்படகுக்காரவுக வடக்குக் கயிறு. நாங்க ரெண்டு பக்கமும் பின்னால பிடிச்சோம். தொப்பி போட்ட இஞ்சினீயரு மூச்சைப் பிடிச்சு இழுக்குறாரு.

“ஏலே தொப்பி, நில்லு. நீ மட்டும் முந்துனா மீனு சிலோனுக்குப் போயிரும்.”

வடக்க ஒரு படகு மொதலாளி கயித்தை விட்டுட்டுச் சிரிச்சாரு.

“நீ சிரிக்கிற நேரம் உன் பக்கமும்தான் மீனு ஓடுது மொதலாளி. இழு.”

அப்புறம் ஒரு மாதிரி ஆச்சு மதினி. பேச்சே நின்னுபோச்சு. துண்டு ஆடுது, காலு தன்னால பின்னுக்குப் போகுது, ஈரக் கயிறு வந்துக்கிட்டே இருக்கு. ஆபீசரம்மாவுக்குக் கண்ணு பாதி மூடிக்கெடக்கு. நானும் கனவுல நடந்த மாதிரித்தான் நடந்தேன். எம்புட்டு நேரமோ.

வலை கரைக்கு வந்துச்சு. முக்காவாசி பாசி, அடியில கொஞ்சம் சூடை மீனு. கயித்தைத் தொட்டவுக எல்லாருக்கும் பங்கு உண்டு, அது கரை வழக்கம். இஞ்சினீயரு தொப்பியில நாலு, மொதலாளி கையில நாலு, ஆபீசரம்மா பைல் அட்டையில நாலு. எங்களுக்கும் நாலு நாலு.

“எல்லாருக்கும் ஒரே பங்கா பெரியவரே?”

“கயிறு ஒண்ணுதானே தாயி. உங்க காகிதத்துலதான் இவளுக பங்கைக் காணோம்.”

ஆபீசரம்மா பிளானை விரிக்கச் சொன்னாக. அந்த மணல்லயே உக்காந்துட்டாக, மத்தவுகளும் உக்காந்தாக. கம்பெனி சுவத்துல வழி விடுறதுன்னுச்சு. விசைப்படகுக்காரவுக ரெண்டு படகைத் தள்ளி நிறுத்துறதுன்னாக. நாங்க துறைக்கு வர்ற லாரித் தடத்துல பாசி காயப்போடுறதில்லைன்னோம். வழி எம்புட்டு அகலம்னு இஞ்சினீயரு கேட்டாரு. துண்டாட்டி துண்டை விரிச்சுப் பிடிச்சாரு. அதை டேப்பு வச்சு அளந்து, செதில் ஒட்டுன பிளான்ல எழுதிக்கிட்டாரு. இப்பவும் அந்த வழி ஒரு துண்டு அகலந்தான், வேணும்னாப் போயிப் பாரு.

மனுசனுக்கு முட்டி போச்சு. கமுதியில மக வீட்டுல இருக்காரு. அங்கன கடலு ஏது? மொளகா காயுற களத்துல உக்காந்துக்கிட்டு, ஆட்டுக்கும் கோழிக்கும் துண்டை ஆட்டுறாராம். போறப்போ பழைய துண்டை அந்த வழிக் கம்பியில கட்டி, “நான் நிக்கிறேன்னு நெனச்சுக்கங்க”ன்னுட்டுப் போனாரு. காத்துக்கு ஆடும். அது ஒரு தடவை ஆடுற வரைக்கும் எங்க பொம்பளைக நின்னுட்டுத்தான் கடல்ல இறங்குறாளுக, கிறுக்கிக.

உப்புக்காத்துல நைஞ்சிரும்னு அமாவாசைக்கு அமாவாசை நான்தான் அவுத்தாந்து நல்ல தண்ணியில அலசிப் போடுறேன். அந்தா, கொடியில கெடக்கு பாரு. தூறல் விழுதே, இரு மதினி, எடுத்துட்டு வாரேன். அது நனைஞ்சு கனத்துப்போச்சுன்னா ஆடாது, நாளைக்கு எங்களை யாரு போகச் சொல்றது.