மிளகாய் மதாமிடம் திட்டு வாங்கியவர்கள்

புதுச்சேரிப் பட்டணத்தில் அந்தக் காலத்தில் கவர்னரிடம் திட்டு வாங்கியவர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனார்கள். மிளகாய் மதாமிடம் திட்டு வாங்கியவர்கள் அல்வாப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்கள். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். அல்வா வாங்கியவர்களில் நாலு பேரை எனக்கே தெரியும்.

மதாம் என்றதும் தொப்பியும் கையுறையும் போட்ட வெள்ளைக்காரச் சீமாட்டி யாரையோ கற்பனை செய்துகொள்ளாதீர்கள். குருசுக்குப்பத்திலிருந்து தலையில் கூடையோடு வெறுங்காலில் நடந்துவந்து, பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவள் அவள். எவனோ ஒருவன் ஒருநாள் கிண்டலாக "மதாம்" என்று கூப்பிட, அவள் அதைத் தனக்குச் சேரவேண்டிய மரியாதை என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். முன்னால் இருந்த மிளகாய், ஊரார் தங்கள் அனுபவத்தில் சேர்த்தது. அவள் வாயைத் திறந்தால் கடற்கரைக் கலங்கரை விளக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காக்கை பறக்கும் என்பார்கள். காக்கையை நான் பார்த்ததில்லை. மார்க்கெட் பூனைகள் ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தடவை சொன்ன வசவை மறு தடவை சொல்வது அவளுக்குக் கௌரவக் குறைச்சல். ஒரு வக்கீல் குமாஸ்தா வந்து மீனைத் தூக்கிச் செவுளைப் பிரித்துப் பார்த்தான்.

"ஏய் கெளுத்தி மூஞ்சி! மீனு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? கண்ண பாக்கற, வாய பாக்கற, பல்லு எத்தினின்னு எண்ணிப் பாக்கற! ஒன் மாமனாரு ஒன்ன இப்பிடிப் பொரட்டிப் பாத்திருந்தா இன்னைக்கும் நீ ஒண்டிக்கட்டதான்டா!"

கூட்டம் சிரித்தது. குமாஸ்தாவும் சிரித்தான். மதாம் தன் புடவைத் தலைப்பில் ஒரு முடிச்சுப் போட்டாள். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவன் நகர்ந்தான். அவன் வந்ததே அந்த முடிச்சுக்காகத்தான்.

முடிச்சின் கதை இது. மதாம் ஒவ்வொரு வாரமும் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்வாள். ஒவ்வொரு வாரமும் ஒரே பாவம்: ஊரைத் திட்டினேன் சாமி. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வயதான சாமியார் கடைசியில் ஒரு நிரந்தர அபராதம் போட்டுவிட்டார். யாரைத் திட்டினாலும் மறுநாள் முதல் பூசையில் அவர்களுக்காக, ஆளுக்குப் பத்துத் தடவை மாதாவின் அருள் நிறை மந்திரம் சொல்லவேண்டும். சொல்லிவிட்டுத்தான் கூடையைத் தொடவேண்டும். சாமியார் இதை வெளியில் சொல்லவில்லை. அவர் சொல்லக்கூடாது. மதாமே மார்க்கெட்டின் நடுவில் நின்று உரக்கப் புலம்பியதில் ஊருக்கே தெரிந்தது. கணக்குத் தவறக்கூடாது என்று தலைப்பில் முடிச்சுப் போட ஆரம்பித்தாள். மத்தியானத்துக்குள் தலைப்பு தாம்புக் கயிறாகிவிடும்.

மறுநாள் விடியலில் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பாள். பெயர் தெரியாதவர்களுக்கு அடையாளம் சொல்வாள். "தாயே, நேத்து கெளுத்தி மூஞ்சின்னு திட்டினேனே, வக்கீல் குமாஸ்தா, அவனுக்கு நல்ல புத்தியக் குடு, நல்ல மீனையும் குடு" என்று அவள் வேண்டியதைப் பூசைக்குப் போனவர்கள் காதால் கேட்டார்கள். அதே வாரத்தில் அந்தக் குமாஸ்தா தொலைத்திருந்த ஒரு பத்திரம் பரண்மேல் அகப்பட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அந்தக் காக்கை அடிக்கடி உட்கார்ந்தது. பனம்பழமும் விழுந்துகொண்டே இருந்தது. திட்டு வாங்கினால் காரியம் ஆகும் என்று ஊர் எப்போதோ முடிவு கட்டியிருந்தது.

நேராகப் போய் "எனக்காக வேண்டிக்கொள்" என்று கேட்கலாமே என்பீர்கள். கேட்டார்கள். "நானு ஊருல பெரிய பாவி. எங்கிட்ட வந்து கேக்கறியே, சாமியாருகிட்ட போ" என்று சாந்தமாக அனுப்பிவிடுவாள். முடிச்சு விழாது. ஆகவே சண்டை போட்டாக வேண்டும்.

ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒரு சைவச் செட்டியார் வந்தார். பெண்ணுக்கு வரன் தட்டிக்கொண்டே போனது. பரம்பரையில் மீனைப் பார்த்தே அறியாதவர், சண்டையும் போட்டறியாதவர். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடைமுன் நின்று, நெடுநேரம் யோசித்து, "இந்த மீன் காரமா இருக்குமா?" என்று கேட்டார்.

மார்க்கெட் மூச்சை அடக்கியது. மதாம் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"ஏன்யா, ஒங்க ஊட்டு வெண்டக்கா செடியிலயே உப்பு காரம் போட்டுக்கினா காய்க்குது? மூக்க மூடிக்கினு வந்து பச்ச மீன காரமான்னு கேக்கற மனுஷன நான் இப்பத்தான்யா பாக்கறேன்! ஒனக்கு வாய்ல வச்சி ஊட்டி வேற வுடணுமா?"

முடிச்சு விழுந்தது. செட்டியார் கும்பிட்டுவிட்டுப் போனார். ஆவணியில் கல்யாணம், நானே போய்ச் சாப்பிட்டேன்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவன் நான். அப்போது சர்க்கார் பூரோ ஒன்றில் எழுத்தர். ஆபீசை எங்கள் ஊரில் பூரோ என்போம். கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, முத்திரை விழாத காகிதத்தை நம்பாத மனசு. வீட்டில் பிள்ளையார் படம் இருந்தது. அது என் மனைவி ருக்குமணியின் இலாகா.

அந்த வருஷம் மாசியில் ருக்குமணி டைபாய்டு சுரத்தில் படுத்தாள். பதினாலாம் நாள் டாக்டர் என்னை வாசலுக்கு அழைத்து, "மூணாவது வாரம்தான் கண்டம். அதைத் தாண்டினா பொழைச்சுக்குவாங்க" என்றார். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தையே பார்த்து, "யாரோ வந்திருக்காங்க, உக்காரச் சொல்லு" என்றாள். கல்யாணமாகி ஆறு வருஷம். அவ்வளவு பயம் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

மறுநாள் காலை, பூரோவுக்கு லீவு எழுதி அனுப்பிவிட்டு, கோட்டும் தலைப்பாகையுமாக மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். சிரித்த வாய்தான், வேறு வழி தெரியவில்லை.

"இது இன்னைக்கு மீனா, போன வாரத்து மீனா?" என்றேன்.

"பாத்து எடுத்துக்குங்க முசே" என்றாள் மதாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் யாரையும் முசே என்று மரியாதையாக அழைத்து நான் கேட்டதில்லை. குரலை உயர்த்தினேன். "நாறுதே!"

அவள் தாடை அசைந்தது. கன்னத்துக்குள் ஏதோ உருண்டது. "அப்பிடிங்களா" என்றாள்.

"கூறு கட்டறதுல நீ ஏமாத்தற! ஒங்க குப்பமே ஏமாத்துக்காரக் குப்பம்!"

மார்க்கெட்டில் கத்திகள் நின்றன. இந்தச் சொல்லுக்குச் சாதாரண நாளில் என் தலைப்பாகை கடலில் மிதந்திருக்கும். மதாமின் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. கைகளைக் கூப்பி, "ஆண்டவரு ஒங்கள ஆசீர்வதிக்கட்டும்" என்றாள்.

பக்கத்துக் கூடைக்காரிக்கு என்மேல் இரக்கம் வந்தது. "வீணா கத்தாத முசே. இது தபசு காலம். நாப்பது நாளு யாரையும் திட்டறதில்லன்னு மாதாவுக்கு வாக்கு குடுத்துட்டு, வாயில புளியங்கொட்டய அடக்கிக்கினு உக்காந்திருக்கு. ஈஸ்டரு கழிச்சு வா. தாராளமா கெடைக்கும்."

"ஈஸ்டர் எப்போ?"

"இன்னும் இருவத்தஞ்சு நாளு கீது."

எனக்கு இருந்தது ஒரு வாரம். சர்க்கார் எழுத்தன் என்பதெல்லாம் மறந்துபோய், அந்த ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "என்னைத் திட்டு மதாம்! ஒரு வார்த்தை போதும். என் பொண்டாட்டி சாகக் கெடக்கறா!"

மதாம் திகைத்துப்போனாள். "ஒம் பொண்டாட்டி சாகக் கெடந்தா ஒன்ன நான் ஏன்யா திட்டணும்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஊருக்கெல்லாம் தெரிந்த ரகசியம் அவள் ஒருத்திக்குத் தெரியாது என்று. அழுதுகொண்டே சொன்னேன். அவள் சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் குனிந்து தங்கள் மீனை ஆராய்ந்தார்கள்.

"அப்ப அந்த வக்கீல் குமாஸ்தா?"

"ஆமாம்."

"மூக்க மூடிக்கினு வந்தாரே, அவரு?"

"அவரும்தான்."

"அடப்பாவிங்களா! ஊருல இருக்கறவன்லாம் பொல்லாதவன், வேணும்னே வம்புக்கு வரான்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!" வாயிலிருந்த புளியங்கொட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல, "பாவி கேட்டதையா மாதா குடுத்திருக்கா?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பிரமிப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

"பேரு இன்னா?"

"ருக்குமணி."

"கூடைய பாத்துக்க" என்று எழுந்து போய்விட்டாள்.

கூடை நிறைய வஞ்சிரம். பின்னால் நான். காக்கை ஒருபக்கம், பூனை ஒருபக்கம். தலைப்பாகையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தபோது எங்கள் பூரோவின் தலைமை எழுத்தர் கையில் பையோடு வந்து நின்றார்.

"லீவு லெட்டர்ல சுரம்னு எழுதியிருந்தீரே?"

"ஆமாம் முசே."

"யாருக்கு?"

"வீட்ல."

"இது?"

"வஞ்சிரம்."

அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். பக்கத்துக் கூடைக்காரி பொறுக்கமுடியாமல், "எழுந்து போ முசே. நீ உக்காந்திருந்தா மீனு விக்காது. அது கோயில்ல இருக்கும், போய்ப் பாரு" என்று என்னை விரட்டினாள்.

மாதா கோயிலுக்குள் நான் அதற்கு முன் போனதில்லை. செருப்பை வாசலில் விட்டு நுழைந்தேன். உச்சிப்பொழுது, ஒருவரும் இல்லை. தரையில் வாசலிலிருந்து நீளமாக ஓர் ஈரக்கோடு போயிற்று. மீன் தண்ணீர் சொட்டும் புடவையோடு, இரண்டு கைகளையும் சிலுவைபோல விரித்துக்கொண்டு, முழங்காலாலேயே நடந்து பீடத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள் மதாம். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். மார்க்கெட்டையே உலுக்கும் குரலை எதிர்பார்த்தேன். குழந்தைக்குச் சோறூட்டும் குரல்தான் கேட்டது.

"தாயே, இது அபராதம் இல்ல. இவன நான் திட்டவே இல்ல. அதனால எப்பிடிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. இத்தினி நாளும் தப்பு பண்ணிட்டு வந்து கேட்டேன், நீ குடுத்த. இன்னைக்கு சும்மா கேக்கறேன். ருக்குமணின்னு ஒரு பொண்ணு. நான் பாத்ததில்ல. அவன் அழுவறத பாத்தேன், அது போதும். எம் மவன்னு வச்சிக்க, அவ எம் மருமவள்னு வச்சிக்க. எழுப்பி உக்கார வை."

கொஞ்ச நேரத்துக்கு முன் அவளையும் அவள் குப்பத்தையும் ஏமாத்துக்காரர்கள் என்று கத்தியவன் நான். அதைப் பற்றி அவள் மாதாவிடம் மூச்சுக்கூட விடவில்லை. முன்பின் தெரியாத ஒருத்திக்காக, அன்றைய பிழைப்பைக் காக்கைக்கு விட்டுவிட்டு, முழங்கால் தேய நகர்ந்துகொண்டிருந்தாள். என் ஜன்மத்தில் நான் யாருக்காகவும் எதையும் அப்படிக் கேட்டதில்லை. எனக்காகக்கூடக் கேட்டதில்லை. அந்த நிமிஷம் அவள் என் கண்ணுக்குக் கோபுரத்தைவிட உயரமாகத் தெரிந்தாள். அவளோ தரையில் கிடந்தாள்.

தினமும் உச்சிப்பொழுதில் அவள் போனாள். தினமும் நானும் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றேன். என்னைப் பார்த்தாளா இல்லையா என்று தெரியாது. ஐந்தாம் நாள் ருக்குமணிக்கு மூச்சு வாங்கியது; டாக்டர் நாடியை விட்டுவிட்டு என் தோளைத் தொட்டார். ஆறாம் நாளும் அப்படியே கழிந்தது. ஏழாம் நாள் காலையில் அவள் நெற்றியில் கை வைத்தேன். ஜில்லென்றிருந்தது. பதறிப்போய்க் குலுக்கினேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஏன் ஷேவ் பண்ணிக்கல? பசிக்குது" என்றாள். டாக்டர் தன் மருந்து என்றார். நான் மறுக்கவில்லை. அவரும் பாடுபட்டார்.

மார்க்கெட்டுக்கு ஓடினேன். மதாம் மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் செதில் ஒட்டிய கையாலேயே நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கஞ்சி குடு. பொழச்சிக்கிட்டான்னு மீனு கீனு குடுத்துடாத."

"உங்களுக்கு நான் என்ன செய்யட்டும்?"

"மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி வை."

"அது மாதாவுக்கு. உங்களுக்கு?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. பிறகு சொன்னாள்: "ஊட்டுக்காரரும் ரெண்டு புள்ளைங்களும் கடலோட பூட்டாங்க முசே. எனக்காவ கேக்கறதுக்கு யாரும் இல்ல. நான் ஊருக்காவ கேக்கறதோட சரி. நீ கும்பிடற சாமிகிட்ட ஒரு நாளு எனக்காவ கேளேன்."

நான் கும்பிடுகிற சாமி! அன்று சாயங்காலம் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு, எங்கள் தெருமுனைப் பிள்ளையார் முன்னால் போய் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். "மிளகாய் மதாமை" என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டேன். எங்களுக்கு இத்தனை செய்தவளை ஊர் வைத்த கேலிப் பெயரால் சாமியிடம் எப்படிச் சொல்வது? வெட்கமாகப் போயிற்று. ஒன்றும் கேட்காமலே திரும்பிவந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அவளிடம் போய், "உங்க பேரு என்ன?" என்றேன்.

ஊரையே நடுங்கவைத்த மதாமுக்கு வெட்கம் வந்து நான் பார்த்தது அன்றுதான். கையைத் தண்ணீரில் அலம்பினாள். கோயிலுக்குள் போவதுபோல் புடவைத் தலைப்பை எடுத்துத் தலையை மூடிக்கொண்டாள். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், தன் பெயரைச் சொன்னாள்.

அதை இங்கே எழுதப்போவதில்லை. சாமியிடம் சொல்வதற்காக அவள் என்னிடம் கொடுத்த பெயர் அது. அவள் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றும் விளக்கேற்றியதும் ருக்குமணியும் நானும் அந்தப் பெயரைத்தான் முதலில் சொல்கிறோம். எங்கள் பிள்ளைகளின் பெயரெல்லாம் அதற்குப் பிறகுதான்.